ஆங்கிலத்தில் நிலைபேறு உணர்த்தும் சொற்கள்

முக்காலத்தும் ஒரு தன்மையாய் நிற்கும் பொருளைச் 'செய்யும்' என்னும் வினையாற் கூறுதல் தொல்காப்பியர் கண்ட மரபு. 'மலை நிற்கும்' என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. ஆங்கிலமும் இதனின் வேறுபடுவதன்று. கதிரவன் கிழக்கில் எழுவதைக் கூற அம்மொழியார்க்கு நிகழ்கால வினை ஒன்றே போதும். 'ஆல்வேஸ்', 'ஃபாரெவர்' முதலிய அடைகள் வேண்டா. அங்ஙனமாயின் அவ்வடைகள் அன்றாட உரையில் எங்குப் பயில்கின்றன? நிலைபேறு இல்லாத இடத்தேதான் பெரிதும் பயில்கின்றன என்பது நம் கருத்து. இதனை உணராது, எல்லாவற்றையும் 'நிரந்தரமாக', 'என்றென்றும்' எனப் பெயர்த்துச் செல்லும் வழக்கம் நம் மொழிபெயர்ப்புகளிற் பெருகிவிட்டது.

'ஆல்வேஸ்' என்பது 'வழி முழுதும்' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லினின்று பிறந்தது. 'அவன் ஆல்வேஸ் சாவியைத் தொலைத்துக்கொண்டிருக்கிறான்' என்று தொடர்வினையோடு அது வரும்போது காலம் குறிப்பதில்லை. கூறுவோனது சலிப்பையே குறிக்கிறது. 'எப்பொழுதும்' என்பது அங்குப் பொருந்தாது. 'எப்போது பார்த்தாலும்' என்பதே ஒக்கும்.

பெரிதும் இடர் தருவது 'ஃபார் குட்'. 'ஃபார் குட் அண்ட் ஆல்' என்னும் தொடரின் சுருக்கம் இது. நன்மைக்கும் இதற்கும் இன்று தொடர்பில்லை. எனினும் அந்நிழல் முற்றும் மறையவில்லை. 2003-இல் அமெரிக்காவில் அரங்கேறிய 'விக்கட்' இசை நாடகத்தின் பாடலொன்று இவ்விரு பொருளையும் உட்கொண்டு இதனையே தலைப்பாகப் பெற்றது. போதல், விடுதல், மூடுதல் போன்ற வினைகளோடு இத்தொடர் மிகுதியாக வரும். ஆகவே இது நீட்சியைக் காட்டாது, முடிவையே காட்டும். 'அவன் ஊரை நிரந்தரமாக விட்டுச் சென்றான்' என்பதினும் 'ஒரேயடியாகப் போய்விட்டான்' என்பது தமிழ். 'விடு' என்னும் துணைவினையே பாதிப் பொருளைச் சுமக்கிறது. கடையாயின் 'இழுத்து மூடிவிட்டார்கள்' என்போம்.

'ஃபாரெவர்' என ஒரு சொல்லாய் இணைத்தெழுதுவதை எள்ளிக் கால்வர்லி என்னும் ஆங்கிலப் புலவர் 1872-இல் வெளிவந்த தம் தொகுதியிற் பாடினார். பிரித்தெழுதின் 'ஊழி ஊழியாக', இணைத்தெழுதின் 'ஓயாமல்' என வேறுபடுத்துவோர் அந்நாட்டில் இன்றும் உளர். பேச்சிலோ, அரைமணி நேரம் காத்திருந்தவனும் 'ஃபாரெவர்' ஆயிற்று என்பான். நாமும் 'ஒரு யுகமாயிற்று' என்கிறோமன்றோ! சுருட்டிய கூந்தலைப் 'பெர்மனென்ட்' என்றழைத்ததும் இவ்வகையினதே; புதுமயிர் வளருங்காறும் அந்நிலைபேறு.

எதிர்மறையில் வரும் 'நெவர்' தனித்து ஆராயத்தக்கது. 'நீ என்னிடம் நெவர் சொன்னாய்' என்னும் ஆங்கில அமைப்பு ஒரே நிகழ்ச்சியைச் சுட்டி எழுவதும் உண்டு. அதனை 'நீ ஒருபோதும் என்னிடம் சொல்லவில்லை' எனப் பெயர்த்த கதைகளை நாம் படித்திருக்கிறோம். வாழ்நாள் முழுதும் வாய் திறவாத ஒருவனை நோக்கிய கூற்றாக அது நிற்கிறது. 'சொல்லவே இல்லையே' என்றால் வினையெச்சத்தை அடுத்த ஏகாரம் தேற்றப் பொருளில் அமைந்து குறையைத் தீர்க்கும். இறுதி ஏகாரத்தில் ஒலிக்கும் மனத்தாங்கல் ஆங்கிலத்தில் எழுத்தில் வாராது. குரலில் மட்டுமே வரும்.