பட்டனைப் பார்ப்பதும் ஆளை வாசிப்பதும்: எந்திர எதிரி குறித்துச் சில குறிப்புகள்

1

'கம்ப்யூட்டரோட ஆடி ஆடிப் பழகினா ஆட்டம் தேறுமா?' சண்டை விளையாட்டுகள் ஆடுகிறவர்களிடையே ஓயாமல் கேட்கப்படும் கேள்வி இது. தேறும் என்று ஒரு கட்சி, தேறாது என்று இன்னொரு கட்சி. எனக்கென்னவோ கேள்வியையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. தேறுவது எது, கையா, வேறொன்றா? எந்திரத்தின் பக்கம் நிற்பது 'எதிரி'தானா?

வீடியோ கேமுக்கெல்லாம் இந்தப் பக்கங்களில் இடமா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். இந்த ஆட்டக்காரர்கள் தங்கள் கலையின் உச்சத்தைக் குறிக்க எடுத்துக்கொண்ட சொல் 'யோமி'. ஜப்பானிய மொழியில் அதற்கு வாசிப்பு என்று பொருள். எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் செய்வதற்கு முன்பே அறிவது. வாசிப்பு பற்றி இத்தனை வருஷம் பேசிவந்த நமக்கு இது அந்நியமான விஷயமல்ல.

2

இவ்வகை ஆட்டத்திற்கு இன்றுவரை நீடிக்கும் இலக்கணத்தை வகுத்தது 1991இல் கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் II'. இருவர், ஒரு திரை, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன்கள். திரை நொடிக்கு 60 ஃபிரேம்களாக ஓடுகிறது. 2023இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'இல் எதிராளியைப் பிடித்து எறியும் 'த்ரோ' ஐந்தே ஃபிரேமில் பிடித்துவிடும். அதாவது ஒரு நொடியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண்ணில் பட்டு விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. ஆக, பார்த்து விலக்குவதென்பது அநேகமாக ஆகாத காரியம்.

கீழே விழுந்தவன் எழுகிறான். நிற்பவன் அடிப்பானா, பிடிப்பானா? அடி என்று நம்பித் தடுத்தால் பிடித்துவிடுவான். பிடி என்று நம்பிப் பட்டனை அமுக்கினால் அடி விழும். இருவரும் ஒரே கணத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் முடிவெடுக்க வேண்டும். சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒத்தையா ரெட்டையா' ஆடியவர்களுக்கு இது விளங்கும். 'ரெண்டு தடவை ஒத்தை வச்சான், இப்ப மாத்துவான். நான் இப்படி நெனைப்பேன்னு அவனுக்கும் தெரியும், அதனால மாத்த மாட்டான்...' ஆட்டம் கொட்டையில் இல்லை. இரண்டு மனங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் மற்றவரின் பதிலை எதிர்நோக்கியே பிறக்கிறது என்று பக்தின் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

சதுரங்கத்தைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 1997இல் காஸ்பரோவை டீப் புளூ வென்றது. இன்று கிராண்ட்மாஸ்டர்கள் எந்திரத்தோடுதான் தயாராகிறார்கள், அங்கே தேறுவது இங்கே ஏன் தேறாது? சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணெதிரில் இருக்கின்றன. ஒருவர் ஆடிய பிறகு மற்றவர் ஆடுகிறார். மூடிய கை அங்கே இல்லை.

3

எந்திர எதிரி எப்படி ஆடுகிறது? பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, நீங்கள் அமுக்கிய பட்டனை, அது திரையில் உருவம் கொள்ளும் முன்பே, உள்ளுக்குள் தெரிந்துகொண்டு பதில் தருகிறது. இரண்டு, தாயம் உருட்டுகிற மாதிரி எதையோ ஒன்றை எடுத்துப் போடுகிறது. முதலாவது கண்காணிப்பு, இரண்டாவது தற்செயல். இரண்டுமே வாசிப்பு அல்ல. போன முறை நான் பயந்தேன் என்பது அதற்குப் பொருட்டில்லை. அதை ஏமாற்ற முடியாது, ஏனென்றால் அது எதையும் நம்புவதில்லை.

எந்திரம் நமக்கான விதிகளுக்கும் கட்டுப்பட்டதல்ல. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் II'இல் கைல் என்ற பாத்திரம் 'சோனிக் பூம்' எறிய வேண்டுமானால், ஆடுகிறவர் ஸ்டிக்கைக் கொஞ்ச நேரம் பின்னால் இழுத்துப் பிடித்திருந்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். எந்திரம் ஆட்டும் கைலோ முன்னால் நடந்து வந்தபடியே எறிவான். ஆட்டக்காரர்கள் அன்றே இதைக் கண்டுகொண்டு திட்டித் தீர்த்தார்கள். அந்தத் திட்டில் நியாயம் இருந்தது. ஆர்கேடில் எந்திரத்தின் வேலை நமக்குக் கற்றுத்தருவதல்ல, அடுத்த காசைப் போட வைப்பது. எவ்வளவு கடினமாக ஆட வேண்டும் என்பதைக் கடைக்காரர் உள்ளேயிருக்கும் சுவிட்சில் ஏற்றி இறக்கலாம். நம் தோல்வியின் விகிதம் கல்லாவோடு தொடர்புடையது.

இப்படிப்பட்ட எதிரியிடம் நாள்கணக்கில் பழகுகிறவர் எதைக் கற்கிறார்? அதன் ஓட்டைகளை. எந்த இடத்தில் எகிறிக் குதித்தால் அது முழிக்கும், எந்த அடிக்கு எப்போதும் ஏமாறும் என்பதை. அந்தப் பழக்கத்தோடு ஓர் ஆளின் முன்னால் உட்கார்ந்தால், முதல் குதியிலேயே 'இவன் குதிக்கிறவன்' என்று அந்த ஆள் வாசித்துவிடுகிறார். அதற்கு மேல் குதிக்கிற ஒவ்வொரு தடவையும் உதைதான்.

4

அதற்காக எந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? 2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த ஈவோ போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்ட்ரைக்'. ஜப்பானின் டைகோ உமெஹாராவுக்கு உயிர் ஒரு நூலளவு. எது பட்டாலும், தடுத்தால்கூட, ஆட்டம் முடிந்தது. அமெரிக்காவின் ஜஸ்டின் வாங், சுன் லியின் 15 அடிகள் கொண்ட சூப்பரை அவிழ்த்துவிட்டார். அடி விழும் கணத்தில் ஸ்டிக்கை அதை நோக்கியே தள்ளினால் சேதமில்லாமல் விலக்கலாம். அதற்குப் 'பாரி' என்று பெயர். டைகோ 15ஐயும் பாரி செய்து, திருப்பி அடித்து, அந்தச் சுற்றை வென்றார். கூட்டத்தின் கூச்சல் இன்றும் அந்தப் பதிவில் கேட்கிறது.

நம் கேள்விக்கான விடை இந்த 15இல் இருக்கிறது. இரண்டாவது அடியிலிருந்து கடைசி அடிவரை தாளம் மாறாதது. எந்திரத்தின் முன்னால் ஆயிரம் முறை உட்கார்ந்து விரலில் ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றிக்கொள்ளவும் வேண்டும். முதல் அடி அப்படியல்ல. சூப்பர் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் தள்ளினால் நேரம் போதாது. இப்போது இவன் இதைத்தான் செய்வான் என்று முன்னமே தள்ளியிருக்க வேண்டும். பதினான்கு மனப்பாடம், ஒன்று வாசிப்பு. மனப்பாடம் இல்லாமல் அந்த ஒன்றால் பயனில்லை. அந்த ஒன்று இல்லையென்றால் பதினான்குக்கு வேலையே வராது.

5

'ஆளோட ஆடு' என்று சொல்வது சுலபம். எந்த ஆள், எந்த இடத்தில்? நான் பார்த்த வீடியோ கேம் கடைகள் பையன்களின் கோட்டைகள். தோற்றால் கேலி, ஜெயித்தால் அதைவிட மோசம். பெண்பிள்ளைகள் வாசலோடு சரி. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு எந்திரம் ஏளனம் செய்யாத ஓர் எதிரி. அந்த மறைவிடத்தின் அருமையைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் கடைக்குள் உட்கார இடம் கிடைத்தவர்கள். ஆக, குற்றம் எந்திரத்தோடு ஆடுகிறவர்கள் மீதல்ல. ஆளோடு ஆடும் இடங்களை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது.

கூடி ஆடுவதன் வலிமைக்குச் சாட்சி லாகூர். அந்த ஊர்க்காரரான அர்சலான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஈவோ ஜப்பானில் 'டெக்கன் 7' பட்டத்தை வென்றபோது உலகம் திகைத்தது. பெரிய ஆட்டக்காரர்கள் ஜப்பானிலும் கொரியாவிலும்தான் என்பது அன்றுவரை ஒரு சட்டம் மாதிரி. அவரோ தன் நாட்டில் தன்னைப் போல் பலமான ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றார். அதே ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவிலும், கொரியாவின் பே ஜே-மின்னை இறுதியில் தோற்கடித்துப் பட்டம் வென்றார். உலகப் போட்டிகளின் வரைபடத்தில் இல்லாத ஓர் ஊரில், ஒருவரையொருவர் விடாமல் வாசித்துத் தேறிய ஒரு கூட்டம் இருந்தது. திறமை என்பது தனிமனிதரின் சொத்து என்ற கதையாடல் இங்கே ஆட்டம் காண்கிறது.

6

இப்போது கம்பெனிகள் 'பேய்'களைத் தருகின்றன. 2024இல் வந்த 'டெக்கன் 8'இல், நீங்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்று உங்களைப் போலவே ஆடும் நகல் ஒன்றோடு நீங்களே மோதலாம். பழைய எதிரியைவிட இது எவ்வளவோ மேல். என் கெட்ட பழக்கங்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிரே வந்து நிற்கின்றன. ஆனாலும் பேய்க்குத் தெரிந்தது நான் நேற்று ஆடியது. இன்று அதை மாற்றப்போகிறேன் என்று சந்தேகப்படுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் மட்டுமே. இத்தனைக்கும், நம் ஆட்டத்தையே எடுத்து எதிரியாகச் செய்து நமக்கே விற்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கூலி கிடையாது.

கை தேறும். வாசிப்பு தேறாது. எந்திரத்தோடு மட்டுமே பழகினால் உள்ள வாசிப்பும் மழுங்கும். நம் விவாதங்களுக்கும் இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். நாமே கட்டிக்கொண்ட எதிரியை, அவன் எப்போதும் சொல்லும் அதே பதிலுக்காக, அதே அடியில் வீழ்த்திப் பழகிய கட்டுரைகள் நம்மிடம் எத்தனை? உண்மையான எதிராளி எதிரே வந்து உட்காரும்போது அந்தக் கட்டுரைகள் எத்தனை அடி தாங்கும்?