ஏழு நாள் முகாமும் எட்டாவது நாளும்

மாணவன் இரண்டாவது கேள்விக்குப் போகும் முன்பே திண்ணையில் இருந்த பாட்டி கையமர்த்தினார். "ஆடு எத்தனை, கக்கூசு இருக்கா, கேஸ் இருக்கா... இதானே தம்பி? போன வருசமும் கேட்டாங்க. அதுக்கு முந்தின வருசமும் கேட்டாங்க. எழுதிக்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்ப வந்து என்ன ஆச்சுன்னு சொல்லலையே." அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்கு மாணவர்களை அழைத்துப் போய்வரும் ஆசிரியன் நான். என்னிடமும் பதில் இல்லை. கல்லூரியும் ஊராட்சியும் சேர்ந்து செய்யும் பணிகளை அன்றிலிருந்து அந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டு வருகிறேன்.

காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான், கல்லூரிகள் ஐந்தைந்து கிராமங்களைத் தத்தெடுக்கச் சொன்னது. இந்தத் 'தத்தெடுப்பு' என்ற சொல்லே எனக்கு உறுத்தல்தான். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படும் ஊராட்சி ஓர் அரசு, அனாதைக் குழந்தை அல்ல. தத்தெடுத்தவர்களாக நுழைகிறவர்களுக்குக் கொடுக்கத் தெரியும். பதில் சொல்லத் தெரியாது.

ஆனால் இந்தக் கூட்டின் பலத்தைக் கண்ணாரப் பார்த்தவனும் நான்தான். ஊராட்சி ஆண்டுதோறும் வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அதற்கு வீடு வீடாகப் போய் விவரம் எடுக்க, வரியும் வசூலித்துக்கொண்டு தொகுப்பு வீட்டுப் பட்டியலையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் ஊராட்சிச் செயலர் ஒருவரால் எப்படி முடியும்? கல்லூரியிடம் ஐம்பது ஜோடிக் கைகள் இருக்கின்றன.

அந்தப் பாட்டியின் ஊரில் நடந்த ஒரு பிப்ரவரி முகாமில் எங்கள் மாணவிகள் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு தெருக்குழாயிலும் அதே குடத்தை வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்துக் குறித்தார்கள். கோயில் தெருவில் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தது. கிழக்கே ஆதிதிராவிடர் குடியிருப்பின் கடைசிக் குழாயில் நான்கு நிமிடம் தாண்டியும் கழுத்து வரை வரவில்லை. தண்ணீர் சரியாக வருவதில்லை என்று அந்தத் தெரு பல காலமாகச் சொல்லிவந்தது. சொன்னபோதெல்லாம் அது சண்டையாகத்தான் முடிந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் குடத்தோடு போய் நேரம் பார்த்திருந்தால் அவரை எதிர்க்கட்சி என்றிருப்பார்கள். தொட்டி ஆபரேட்டர் யாருக்கோ மாமன், யாருக்கோ மச்சான். எந்தப் பக்கமும் சேராத இருபது வயதுப் பெண்கள் எழுதிய எண்ணோடு யாராலும் சண்டை போட முடியவில்லை. மாணவரால் மட்டுமே ஊருக்குக் கிடைக்கக்கூடியது இதுதான்: ஒட்டுறவில்லாத ஓர் அளவு.

இதை விட்டுவிட்டு நாம் அவர்கள் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறோம். முகாமின் முதல் நாள் தெருக் கூட்டுவது, கோயில் வளாகத்தில் புல் செதுக்குவது, பேனர் பிடித்துப் படம் எடுப்பது. அந்தத் தெருவைத் தினமும் கூட்டுகிற தூய்மைக் காவலர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கையுறை கிடைத்ததா, சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று விசாரித்திருந்தால் அது பணி. மார்ச் மாதம் மரக்கன்று நட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான். ஏப்ரல் வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் நட்டால், 120 மணி நேரக் கணக்கு மட்டும்தான் துளிர்க்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை வெளியே யாரும் பேசுவதில்லை. முகாமுக்கு இடம் கொடுப்பவர் ஊராட்சித் தலைவர். சமுதாயக் கூடத்தின் சாவி, குடிதண்ணீர், கடைசி நாள் பொன்னாடை எல்லாம் அவர் தயவு. ஓர் ஊரில் பல வீட்டுக் கழிப்பறைகளுக்குள் விறகு அடுக்கியிருந்தது. படிவத்தில் 'கழிப்பறை உண்டா' என்பதற்கு 'ஆம்', 'இல்லை' இரண்டே கட்டங்கள். மாணவர்கள் 'ஆம்' போட்டுவிட்டு ஓரத்தில் 'விறகு' என்று எழுதினார்கள். அறிக்கை தட்டச்சாகி வந்தபோது அந்த ஓரக்குறிப்பு இல்லை. அடுத்த வருடமும் அங்கேதான் முகாம் போட வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். நானும் வாய் திறக்கவில்லை. இன்றும் அது மனத்தில் முள்ளாகக் கிடக்கிறது.

மாணவர் ஊருக்குப் போவது ஊரை மாற்ற அல்ல, கற்றுக்கொள்ளத்தான் என்று நண்பர்கள் வாதிடுவார்கள். பாதி உண்மை. 1956-இல் தொடங்கிய காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனம், மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைப்பதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே வைத்தது. பல சாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை ஊர் பார்ப்பதும் கல்விதான். ஆனால், ஒரு பாட்டியின் வாயைக் கிளறி விவரம் வாங்கி, அதை இணையதளத்தில் ஏற்றிவிட்டு மறந்துபோகிற பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? தகவல் மேலே போவதற்குத்தான், கீழே திரும்பி வர வேண்டியதில்லை என்பதைத்தான்.

திரும்பி வர வழி இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் 2022-க்குப் பிறகு கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முகாம் நாளைக் கல்லூரியின் தேர்வு அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாமல் இந்தப் பட்டியலைப் பார்த்து வைத்தால் போதும். எழுதிய தாளின் நகல் ஒன்று தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அது கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, கேள்வி கேட்க ஊருக்கு மிஞ்சியது கிராம சபைதான். 2016 முதல் மூன்று ஆண்டுகளும் அதுதான் நிலைமை. தலைவர் இல்லாத காலத்தில் எழுத்தில் இருக்கும் ஓர் அளவுக்கு மதிப்பு கூடும்.

குடம் வைத்து அளந்த மாணவிகள் மார்ச் 22 அன்று பேருந்து பிடித்து அந்த ஊருக்கே போனார்கள். தண்ணீர் நாளுக்கான உறுதிமொழி முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து தெருவாரியாக நிமிடங்களை வாசித்தாள். கூட்டம் கொஞ்ச நேரம் சலசலத்தது. கிழக்குத் தெருவுக்குத் தனி வால்வு போடுவதென்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

அடுத்த ஆண்டு புதுப் பிள்ளைகள் வந்தபோது முதல் வேலையாக அதே குடத்தை அதே கடைசிக் குழாயில் வைத்தோம். இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். கோயில் தெருவுக்கு இன்னும் சமமாகவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி, அந்தத் திண்ணைப் பாட்டியிடம் போய் முதலில் அதைப் படித்துக் காட்டினார்கள். ஆடு எத்தனை என்று அன்று யாரும் கேட்கவில்லை.