பிடிமண்ணும் புது மண்ணும்
புலம்பெயர்வும் சமயமும் பற்றிய ஆய்வுகள்: ஒரு பார்வை

தென்மாவட்டங்களில் ஊர்மாறிப் போகும் குடும்பத்தார் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துச் செல்வதுண்டு. அந்த மண்ணைப் புது இடத்தில் பதித்துப் பீடம் எழுப்பினால் சாமி அங்கும் வந்துவிட்டதாக அர்த்தம். மயாமிக் கடலோரத்தில் 1973இல் திறக்கப்பட்ட மாதா கோயிலின் பீடத்தடியில் கியூபாவின் அன்றைய ஆறு மாகாணத்து மண் இருக்கிறது. காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் கட்டிய கோயில் அது. ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. ஊர்பெயர்ந்த மனிதர் புது இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறார், அங்கே வாழ்வுக்குப் பொருள் எப்படி உண்டாகிறது என்ற கேள்வியை ஆய்வுலகம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்து வருகிறது.

கொண்டுவந்ததும் எழுப்பியதும்

தொடக்கம் அமெரிக்காவில். ஐரோப்பியக் குடியானவர்களின் பெயர்வைப் பற்றி ஆஸ்கர் ஹாண்ட்லின் 1951இல் எழுதிய நூல் அவர்களை வேரறுந்தவர்களாகவே பார்த்தது. நிலமும் உறவும் போன பிறகு அவர்கள் கைவிடாமல் பிடித்திருந்தது சமயம் ஒன்றைத்தான் என்றது. நான்கு ஆண்டுகள் கழித்து வில் ஹெர்பர்க் இன்னொன்றைச் சொன்னார்: வந்தேறிகள் மொழியை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்த்த அமெரிக்கா, சமயத்தை விடச் சொல்லவில்லை, அதனால் சமயமே அவர்கள் அமெரிக்கராகும் வழியானது. இருவருக்கும் சமயம் என்பது பழைய ஊரிலிருந்து வந்த சொத்து.

1978இல் திமோத்தி ஸ்மித் எழுதிய கட்டுரை இந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டது. ஊர்பெயர்தலே இறைச்சிந்தனையைத் தூண்டும் அனுபவம் என்றார் அவர். ஏன் புறப்பட்டோம், யாரை விட்டுவந்தோம், இனி யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்விகள் சொந்த ஊரில் எழுவதில்லை. பெயர்ந்தவருக்கோ அவற்றிலிருந்து தப்ப வழியில்லை.

இதை ஒரு தெருவுக்குள் இறங்கிப் பார்த்தவர் ராபர்ட் ஓர்சி. நியூயார்க்கின் 115ஆம் தெருவில் இத்தாலியர் எடுத்த மாதா திருவிழாவைப் பற்றிய அவரது நூல் 1985இல் வந்தது. கோயில் கட்ட உழைத்த அந்த ஏழைகள் பல ஆண்டுகள் அதன் கீழ்த்தளத்திலேயே வழிபட வேண்டியிருந்தது. மாதாவோ அவர்கள் வீடுகளின் கவலைகளையெல்லாம் அறிந்தவளாக இருந்தாள். மயாமிக் கோயிலை ஆராய்ந்த தாமஸ் ட்வீட், 2006இல் வெளியிட்ட நூலில் சமயத்தின் இயல்பையே கடந்துசெல்லுதல், குடியிருத்தல் என்னும் இரு செயல்களால் விளக்கினார்.

தமிழர் போன வழிகள்

தமிழரின் பெயர்வு இந்த விவாதத்துக்கு நீண்ட காலத்தையும் பரந்த நிலத்தையும் தருகிறது. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார். பிறகு செங்கல் கட்டடமான அந்தச் சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயில் வந்திறங்கியவர்களுக்குப் புகலிடமாகவும் இருந்தது. அதே நகரில் அதே காலத்தில், 1828க்கும் 1830க்கும் இடையில், நாகூர் ஆண்டவரின் நினைவாக ஒரு தர்காவும் எழுந்தது. கடல்கடந்த சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் கட்டியது அது.

வினீதா சின்ஹா 2005இல் வெளியிட்ட நூல் சிங்கப்பூரின் முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் காவல்தெய்வம், அடுக்குமாடிகளும் அரசுத் திட்டங்களும் நிறைந்த நகரில் இளைஞர்களின் புதிய தெய்வமாகியிருக்கிறது. எல்லை மாறினாலும் காவல் தேவைப்படுகிறது.

மொழி போன பின்பும் தெய்வம் நிலைத்த இடங்கள் உண்டு. கயானாவில் ‘மதராசிகள்’ என்றழைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ் பேசுவதில்லை. ஆனால் தப்படித்து மாரியம்மனை அழைக்கிறார்கள். அந்த மரபை மொரிசியஸ், தென்னாப்பிரிக்கா, பிஜி முதலிய நாடுகளோடு சேர்த்து ஆராய்ந்த பால் யங்கர், 2010இல் வந்த நூலில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைக்கிறார்: ஒவ்வொரு நாட்டிலும் குடியேறியவர்கள் அந்த நாட்டுக்கே உரிய சமயத்தை உருவாக்கினார்கள். ரெயூனியன் தீவில் தீமிதிக்கும் குடும்பங்களிலேயே குழந்தைக்கு ஞானஸ்நானமும் நடக்கும். ஜான் பெனுவா அதை ஆழ்ந்து எழுதியிருக்கிறார்.

ஈழப்போரால் விரட்டப்பட்டவர்களின் கதை இன்னும் அண்மையானது. ஜெர்மனியின் ஹாம் நகரில், அகதியாக வந்த ஒரு குருக்கள் 1980களின் இறுதியில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கூடிய கோயிலானது. தேர் தொழிற்பேட்டைச் சாலையில் ஓடுகிறது. தீர்த்தம் கப்பல் செல்லும் கால்வாயில் நடக்கிறது. மார்ட்டின் பாவ்மன் இந்தச் சமூகத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதே நாட்டின் கேவெலார் மாதா தலத்துக்கு ஆண்டுதோறும் யாத்திரை போகும் தமிழர் கூட்டத்தில் கத்தோலிக்கரோடு சைவரும் இருக்கிறார்கள். இலங்கையில் மடு மாதாவிடம் போய்ப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்னில் 2014இல் திறந்த பல்சமய இல்லத்தின் சைவக் கோயிலில் தமிழில் பூசை நடக்கிறது. பெண்களும் அருச்சகராக இருக்கிறார்கள். ஊரில் கேட்டாலும் கிடைத்திருக்காத உரிமை அது.

ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. பெயர்ந்தவருக்குப் பொருள் தருவது நினைவைவிடப் பொறுப்புதான். விளக்கேற்ற வேண்டிய ஒரு மாடமும், கஞ்சி காய்ச்ச வேண்டிய ஒரு ஆடி மாதமும், வரி பிரிக்க வேண்டிய ஒரு திருவிழாவும் அமைந்துவிட்டால், அந்த இடத்தைவிட்டுச் சும்மா போக முடியாது. சாமிக்குச் செய்ய வேண்டியது இருக்கும் ஊர் தன் ஊராகிவிடுகிறது.

அப்படித் தன்னுடையதாகிவிட்ட ஊரை இழப்பதன் வலியை மலேசியா காட்டியது. ரப்பர் தோட்டங்கள் நகரக் குடியிருப்புகளாக மாறியபோது தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த லயம் என்னும் வரிசை வீடுகளை இழந்தார்கள். தோட்டத்துக் கோயில்களும் இடிக்கப்பட்டன. ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது. கோயில் மட்டுமே அவர்கள் கையால் ஆனது. 2007 நவம்பரில் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட, இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் பேரணியின் கோபத்தில் கோயில் இடிப்புக்குப் பெரும் பங்கு இருந்தது ஏன் என்பது இங்கே விளங்கும்.

ஆனாலும் இத்துறை கோபுரங்களையே அதிகம் பார்க்கிறது. திருப்பணிக் குழுத் தலைவரின் பேட்டி எளிதில் கிடைக்கும். மடைப்பள்ளியில் நின்ற பெண்ணிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. கோயிலோடு சாதியும் கப்பலேறியதா, எங்கே அது தளர்ந்தது, எங்கே இறுகியது என்பது இன்னும் கூர்ந்து பார்க்கப்பட வேண்டும். புது ஊரில் மதம் மாறியவர்களும், நம்பிக்கையே இல்லாமல் சங்கத்திலும் நூலகத்திலும் இலக்கிய வட்டத்திலும் பொருளைக் கண்டவர்களும் இந்த வரலாற்றில் சமபங்கு உள்ளவர்கள். அவர்களும் ஏதோ ஒன்றைப் பொறுப்பேற்றுக்கொண்டவர்களே.

மேற்சொன்ன நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் உள்ளன. திருவிழா அழைப்பிதழ்கள், வரிக் கணக்குப் புத்தகங்கள், கும்பாபிஷேக மலர்கள் ஆகிய நம் சான்றுகள் தமிழில் சிதறிக்கிடக்கின்றன. முதல் தலைமுறை மூப்படைந்துவிட்ட ஐரோப்பாவிலும் கனடாவிலும் அவற்றைத் திரட்டும் வேலை இப்போதே தொடங்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் அந்த விழாக்களில் குழந்தைகளாகத் தோளேறி நின்ற இரண்டாம் தலைமுறையினர். பெற்றோரின் ஊரையும் தாம் பிறந்த ஊரையும் ஒருசேர அறிந்த அவர்கள் எழுதும்போதுதான் இந்த ஆய்வு முழுமை பெறும்.