பட்டடக்கல் கோயில் காஞ்சியின் நகலா?

ஹூப்ளி, பெங்களூர்ப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பாதாமிக்குப் போனால், 22 கிலோமீட்டரில் உள்ள பட்டடக்கல்லையும் பார்க்காமல் திரும்புவதில்லை. விரூபாட்சர் கோயில் வாசலில் நின்றதுமே, "இது நம்ம காஞ்சி கைலாசநாதர் கோயிலோட காப்பிதானே சார்!" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தராசில் வைத்தால் முள் நேராக நிற்கவில்லை.

இந்தப் பேச்சுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக, அவன் அரசி லோகமகாதேவி 740-ஐ ஒட்டி எழுப்பிய கோயில் இது. இராசசிம்மன் கட்டிய கைலாசநாதர் அதற்கு முந்தியது. மதிலை ஒட்டிய சிற்றாலயங்களும் காஞ்சியை நினைவூட்டுகின்றன. சரி, ஒப்புக்கொள்வோம்.

இனி மறுதட்டு. பக்கத்திலேயே இருக்கும் சங்கமேசுவரர், விக்கிரமாதித்தனின் தந்தை விசயாதித்தன் (696–733) கட்டுவித்தது. காஞ்சி வெற்றிக்கு முன்பே எழுந்த திராவிட விமானம். ஐஹொளெ மேகுடிக் கோயிலை ரவிகீர்த்தி கட்டியதோ 634-இல். அதுவும் கல்லாலான திராவிடக் கட்டடமே. அது சமணக் கோயில், நானும் சமணன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கு அப்படி இருக்கிறது.

அமைப்பிலும் வேறுபாடு உண்டு. விரூபாட்சர் விமானத்தின் முன்புறம் சுகநாசி நீண்டு நிற்கிறது. காஞ்சியில் அது கிடையாது. இங்கே பெருமண்டபம் கருவறையோடு சேர்த்தே கட்டப்பட்டது. காஞ்சியில் முன்மண்டபம் முதலில் தனியாக நின்று, பிற்காலத்தில்தான் இணைக்கப்பட்டது. நகல் எடுக்கிறவன் இவ்வளவு மாற்றுவானா?

தடுமாற்றத்துக்குக் காரணம் ஒரு சொல்தான். சிற்ப நூல்களில் 'திராவிடம்' என்பது விமான வகையின் பெயர், மொழியின் பெயரன்று. பட்டடக்கல்லிலேயே திராவிடமும் நாகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

காஞ்சியை வென்ற அதே விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கண்டு, எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் காஞ்சிக் கோயில் தூணில் இருக்கிறது. வியாபாரத்தில் வரவை மட்டும் எழுதி, பற்றை எழுதாமல் விட்டால் அது கணக்கே இல்லை. கன்னடத்துப் பிள்ளைகளோடு படித்து வளரும் நம் குழந்தைகளுக்கு இரண்டு பக்கத்தையும் காட்டுவதே நியாயம். அடுத்த முறை போகும்போது சங்கமேசுவரரை முதலில் பாருங்கள். விரூபாட்சரைப் பிறகு பார்க்கலாம்.