வதந்தியின் சுவடிகள்

2023 மார்ச் முதல் வாரம். தாம்பரம் கிழக்கில் நான் ராத்திரி சாப்பிடும் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற பிகார் பையன் செல்போனை நீட்டினான். "அண்ணா, இது எங்க? நம்ம ஏரியாவா?" நடுத்தெருவில் ஒருவனை வெட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்திக்காரர்களைக் கொல்கிறார்கள் என்று மேலே எழுதியிருப்பதாக அவனே படித்துச் சொன்னான். "இங்க இல்லப்பா" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அவனைக் காணோம். ஹோலிக்குப் போனானா, பயந்து போனானா என்று மெஸ்காரருக்கும் தெரியவில்லை.

அந்த வீடியோக்களின் கதை பிறகு வெளியானது. ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு மறுத்தார், பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது, யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதாகி, அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. நாமும் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தோம்.

வதந்தி பொய் என்று நிரூபிப்பது வேறு, வதந்தியை வாசிப்பது வேறு. அது எத்தனை பேர் கண்ணில் பட்டது? பார்த்தவர்கள் தேடிப் போய்ப் பார்த்தார்களா, கம்பெனியின் அல்காரிதம் முன்னால் கொண்டுவந்து வைத்ததா? மறுப்பு வந்தபின் அது எத்தனை பேரை எட்டியது? இந்தக் கேள்விகளுக்கான விடை கம்பெனிகளின் கணக்கில் இருக்கிறது. வெளியே இருந்து அதைப் புரட்டிப் பார்க்க நமக்கு வழியில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது பழைய பிரச்சினையாகவே படுகிறது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் உ.வே.சா. எத்தனை சுவடிகளைத் தேடி அலைந்தார் என்பது நமக்குப் பாடம். ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்க்க முடியாது. சுவடி வைத்திருந்தவர்களில் கொடுத்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒருவர் மறுத்தால் இன்னொரு வீட்டில் கேட்கலாம். இன்று எல்லா ஏடும் நாலைந்து வீடுகளில். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது அந்த வீட்டுக்காரர்களின் இஷ்டம்.

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று ரோலான் பார்த்தின் பேரைச் சொல்லி நம் சிறுபத்திரிகைகள் எழுதி முப்பது வருஷமாகிறது. அரசுக்கு மட்டும் ஆசிரியன் சாகவே மாட்டான். 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கேட்பது 'செய்தியை முதலில் அனுப்பியவன் யார்' என்று. வாட்ஸ்அப் அதை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றம் போனது. அரசின் வாசிப்பு ஒரு ஆளைப் பிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆளைப் பிடித்தபின் அந்தப் பிரதியைப் பெருக்கித் தள்ளிய இயந்திரம், அதில் ஓடிய விளம்பரக் காசு எல்லாம் கதையாடலிலிருந்து நழுவிவிடுகின்றன. நாம் கேட்கவேண்டியது ஆளை அல்ல, பரவலை.

கொஞ்சநஞ்சம் திறந்திருந்த ஜன்னல்களும் சாத்தப்பட்டுவிட்டன. பொதுப் பதிவுகள் எப்படிப் பரவின என்று காட்டிய கிரவுட்டேங்கிள் என்கிற கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. அதற்குப் பதிலாக வந்த நூலகத்துக்குள் நுழையத் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ள அமைப்பு ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கல்வி நிறுவனமோ லாப நோக்கற்ற அமைப்போ பின்னால் நிற்க வேண்டும். ட்விட்டர் தன் இலவச வழியை 2023இல் அடைத்தது. 2021இல் ஃபிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களால்தான், இந்தி, வங்காள வெறுப்புப் பேச்சை அடையாளம் காணப் போதுமான ஏற்பாடு ஃபேஸ்புக்கிடம் இல்லாதிருந்தது தெரிந்தது. ஆக, நமக்குக் கிடைத்ததும் ரகசியமாக வெளியே வந்த சுவடிதான்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே டிஜிட்டல் சேவைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஆய்வாளர்களுக்குத் தரவு தரச் சொல்கிறது. 2025 டிசம்பரில் எக்ஸ் நிறுவனத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் விழுந்ததற்கு, ஆய்வாளர்களைத் தடுத்ததும் ஒரு காரணம். இங்கே நம் விதிகள் கேட்பது மாதாந்திர அறிக்கை: இத்தனை புகார் வந்தது, இத்தனை நீக்கினோம். எதை நீக்கினார்கள், நீக்குமுன் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று அதில் தெரியாது.

அந்தரங்கம் என்னாவது என்று தோழர்கள் கேட்பது நியாயம். 2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேரின் விவரம் போனது ஒரு ஆய்வாளர் வழியாகத்தான். ஆனால் நான் மெஸ் பையனின் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அது பூட்டியே இருக்கட்டும். பொதுவில் போட்ட பதிவுகள், அவை எட்டிய எண்ணிக்கை, விளம்பரக் கணக்கு, நீக்கப்பட்டவற்றின் பட்டியல் — இவை போதும். இவற்றைப் பார்க்கிற உரிமை பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடாமல் ஒரு தொழிற்சங்கத்துக்கும், பல்லாவரத்தில் கூடுகிற நாலு பேர் வாசிப்பு வட்டத்துக்கும் கிடைக்க வேண்டும். பெற்றதைப் பாதுகாப்பதற்கான பொறுப்பும் சட்டப்படி அவர்கள்மேல் இருக்கட்டும்.

வதந்தி அடுத்தமுறையும் வரும். பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். "அண்ணா, இது எங்க?" என்று யாராவது கேட்பார்கள். போலீஸ் சொன்னதையோ கம்பெனி சொன்னதையோ நான் திருப்பிச் சொல்லக் கூடாது. நானே பார்த்ததைச் சொல்ல வேண்டும்.