எத்தனை நனைப்பு, எத்தனை பல்: அருவப்பொருளை எண்ணும் அலகுச்சொற்கள் – கொங்குத் தமிழை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

எண்ணுப்பெயருக்கும் எண்ணப்படும் பொருளுக்கும் இடையே அலகுச்சொல் வருவது சப்பானிய மொழியில் இலக்கணக் கட்டாயம்; தமிழில் அவ்வாறன்று. இவ்வேறுபாட்டைக் கொண்டு தமிழில் அலகுச்சொல் ஆய்வுக்கு இடமில்லை என்பாரும், கூட்டப்பெயர்ப் பட்டியலைக் காட்டித் தமிழிலும் அதே அமைப்பு உண்டு என்பாரும் உளர். மழை, நீர்ப்பங்கு, அகவை, அழுகை முதலிய அருவப்பொருள்களை எண்ணும் சொற்களை ஈரோடு வட்டார வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டு இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை மறுக்கிறது. ஒவ்வோர் அலகுச்சொல்லும் தனக்கென ஓர் எண்வரம்பு உடையது என்பதும், அவ்வரம்பு தொழில்வாழ்விலிருந்து பெறப்படுகிறது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: அலகுச்சொல், எண்வரம்பு, நிகழ்வளவை, நனைப்பு, ஈற்று, கொங்குத் தமிழ்

1. இரு கருத்துகள்

சப்பானிய மொழியில் பென்சில், குடை போன்ற நீண்ட பொருள்களை எண்ணும்போது 'ஹொன்' என்னும் அலகுச்சொல் வருகிறது. அதே சொல் தொலைபேசி அழைப்பையும் திரைப்படத்தையும் எண்ணுகிறது. நீட்சி என்னும் வடிவப் பண்பு காணவியலாத பொருளுக்கும் படர்ந்த இவ்வழியை ஜார்ஜ் லேக்காஃப் 1987இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். விபத்து, புகார், விசாரணை போன்றவை 'கென்' என்னும் சொல்லால் எண்ணப்படுகின்றன. சிக்கல், காரணம், விருப்பம் போன்ற பெரும்பாலான அருவப்பொருள்களுக்கு 'த்ஸு' என்னும் பொது ஈறே போதும்.

தமிழில் 'மூன்று காரணம்', 'இரண்டு ஐயம்' என எண்ணும் பெயரும் நேரே புணர்கின்றன. ஆகவே தமிழ் அலகுச்சொல் இல்லாத மொழி என்று கூறி அமைவது ஒரு சாரார் வழக்கம். எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காட்டிய கட்டுரையில் அலகுச்சொல்லையும் ஒரு கூறாக எடுத்துக்கொண்டார். ஆனால் வங்காளம், அசாமியம் போன்ற கிழக்கத்திய மொழிகளே அவ்வாய்வின் நடுவிடம் பெற்றன. தமிழ் அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

மற்றொரு சாரார் பள்ளிப் பாடநூல்கள் பழக்கிய கூட்டப்பெயர்களை வரிசைப்படுத்துவர்: ஆட்டுமந்தை, பழக்குலை, புற்கட்டு, கற்குவியல். இவை தொகுதியைக் குறிக்கும் பெயர்களே. 'மூன்று மந்தை' என்றால் மூன்று தொகுதிகள். ஆடுகள் எத்தனை என்பது அதனால் விளங்காது. பெருமிதம் பற்றித் தொகுக்கப்படும் இப்பட்டியல்கள் சப்பானிய அமைப்போடு ஒப்பிடத் தக்கனவல்ல. உண்மையான ஒப்புமை இருக்குமிடத்தை இவை மறைத்தும் விடுகின்றன.

அவ்வொப்புமைக்கு ஓர் எடுத்துக்காட்டு 'பேர்'. பெயர் என்பதன் மரூஉவாகிய இச்சொல் மக்களை மட்டும் எண்ணும். சப்பானிய மொழியிலும் பெயர் என்று பொருள்படும் 'மேய்' என்பது மக்களை மதிப்புடன் எண்ணும் அலகுச்சொல்லாக உள்ளது. தொடர்பற்ற இரு மொழிகள் ஆளை எண்ணப் பெயரையே கருவியாகக் கொண்டன. இன்னொன்றும் நோக்கத்தக்கது. 'இரண்டு பேர்', 'நூறு பேர்' என்போம். 'ஒரு பேர்' என்பதில்லை, அவ்விடத்தில் 'ஒருத்தர்' வந்துவிடுகிறது. 'பேர்' இரண்டில் தொடங்கும் சொல். அலகுச்சொல் எந்த எண்ணை ஏற்கும், எதனை ஏற்காது என்னும் இவ்வினாவே அருவப்பொருளைப் பொறுத்தவரை மிகுந்த பயன் தருவது.

2. இலக்கணம் விட்ட இடம்

தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயரும் நிறைப்பெயரும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ ஆகிய ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்கிறது. உரையாசிரியர்கள் கலம், நாழி, உழக்கு, கழஞ்சு, பலம் முதலியவற்றை எடுத்துக்காட்டுவர். (கீழே வரும் உழவு, பாட்டம், நடை, நனைப்பு, பல் ஆகியனவும் அவ்வெழுத்துகளிலேயே தொடங்குகின்றன, ஈற்றும் ஈடும் மட்டும் புறம்பு. இது தற்செயலே.) நன்னூல் அளவை ஆகுபெயரை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்துகிறது. பவணந்தியாரின் ஊராகச் சொல்லப்படும் சனகையைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரமாகக் கொள்ளும் மரபு கொங்கில் உண்டு. அச்சீனாபுரத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியின் அன்றாடப் பேச்சில் இந்நான்கிலும் அடங்காத அளவைகள் வழங்குகின்றன.

'ஓர் உழவு மழை' என்பதை எடுத்துக்கொள்வோம். பேச்சில் 'ஒரு ஒழவு மழை'. ஏர் பூட்டி ஒருமுறை உழுவதற்குப் போதிய ஈரத்தை மண்ணில் விட்டுச்சென்ற மழை என்பது பொருள். மழைமானி பாத்திரத்தில் விழுந்த நீரை மில்லிமீட்டரில் அளக்கிறது. உழவு என்னும் அலகோ மண் ஏற்ற நீரை, அதனால் இயலும் வேலையைக் கொண்டு அளக்கிறது. ஒரே அளவு பெய்தாலும் செம்மண் காட்டிலும் கரிசல் காட்டிலும் உழவுக்கணக்கு வேறாகலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே பெறும் மாவட்டத்தில் மானாவாரி உழவர் அறிய வேண்டியது இரண்டாவது கணக்கையே. இங்கு எண்ணப்படுவது எடையும் அன்று, முகவையும் அன்று, ஒரு நிகழ்வு. இதனை 'நிகழ்வளவை' என வழங்கலாம்.

இவ்வகையைச் சீன இலக்கண நூலார் தனியே பிரித்துள்ளனர். பெயரை எண்ணும் அலகுச்சொல் ஒன்று, வினையை எண்ணும் அலகுச்சொல் மற்றொன்று என்பது அவர்தம் பாகுபாடு. போய்வருதலை எண்ணும் 'தாங்' நம் 'நடை'க்கு நேர் ('நாலு நடை எரு அடித்தாயிற்று'). உணவு வேளையையும் வசவையும் ஒருங்கே எண்ணும் 'துன்', மழையையும் அழுகையையும் ஒருங்கே எண்ணும் நம் 'பாட்டம்' என்பதை நினைவூட்டுகிறது. வானமும் மனிதரும் பொழிந்து ஓய்வதில் தமிழ் கண்ட ஒற்றுமை அது. இட்டிலித் தட்டு ஒருமுறை வெந்து இறங்குவதை எண்ணும் 'ஈடு' என்பதும் இவ்வினத்தது. எனவே தமிழின் அலகுச்சொற்களை ஒப்பிட வேண்டிய முதல் மொழி சப்பானியம் அன்று, சீனமே என்பது என் கருத்து. சப்பானியத்தோடு ஒப்பிடுவதன் பயன் வேறோரிடத்தில் உள்ளது.

3. ஒன்றைக் கடவாத சொற்கள்

சப்பானிய மொழியில் 'இச்சிரு நோ நொசோமி' என்றொரு தொடர் உண்டு: ஓர் இழை நம்பிக்கை. 'இச்சிமாத்ஸு நோ ஃபுஅன்' என்பது ஒரு தீற்றல் கவலை. இவற்றில் இரண்டு இழை, மூன்று தீற்றல் என்ற வழக்கு இல்லை. ஒரு சிறு உறக்கத்தைக் குறிக்கும் 'ஹிதொநெமுரி' என்பதும் ஒன்று என்னும் எண்ணோடு உறைந்துவிட்ட சொல்லே.

தமிழிலும் 'ஒரு துளி நம்பிக்கை', 'ஒரு பொட்டுத் தூக்கம்' என்பன இத்தகையன. 'எத்தனை துளி நம்பிக்கை?' என்று எவரும் வினவுவதில்லை. வினவினால் அது எள்ளல். இவை 'உம்' ஏற்று எதிர்மறையோடு முடிவதையே பெரிதும் விரும்புகின்றன: ஒரு பொட்டுத் தூக்கமும் இல்லை. 'எட்டு' என்னும் சொல் இன்னும் தெளிவாக வழிகாட்டும். 'ரெண்டு எட்டு வை' என்றால் இரண்டு காலடி. 'ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா' என்றால் ஒரு விரைவான சென்றுவரவு. இப்பொருளில் 'இரண்டு எட்டு' இல்லை. ஒரே சொல் காட்சிப்பொருளில் எண் ஏற்கிறது, அருவப்பொருளில் ஒன்றோடு நின்றுவிடுகிறது.

'இம்மி' இவ்வழியில் நெடுந்தொலைவு சென்ற சொல். பழைய கீழ்வாய் எண் வாய்பாட்டில் முந்திரி 320இல் ஒரு பங்கு. அதற்கும் மிகக் கீழே வைத்துக் கணக்கிடப்பட்ட பின்னம் இம்மி. கணக்கர் கூட்டவும் கழிக்கவும் பயன்பட்ட அச்சொல் இன்று 'இம்மியும் அசையவில்லை' என்பதில் மறுப்பை மிகுவிக்க மட்டுமே வருகிறது.

இவற்றை மட்டும் கண்டவர் அருவப்பொருளுக்கு வரும் அலகுச்சொற்கள் எல்லாம் உருவக அணியே, எண்ணுதல் அங்கு உண்மையில் நிகழ்வதில்லை என்று முடிவுசெய்வர். சப்பானிய எடுத்துக்காட்டுகளும் அம்முடிவுக்குத் துணைபோகும். கொங்கு வழக்கு அதற்கு இடந்தரவில்லை.

4. எண்ணியே தீரவேண்டியவை

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் காளையின் அகவை ஆண்டுகளால் கூறப்படுவது குறைவு. 'ரெண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்' என்பதே வழக்கு. மாட்டின் கீழ்த்தாடை முன்வரிசையில் எட்டுப் பற்கள். பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைக்கும். ஆதலால் 'மூன்று பல் காளை' என்பது பேச்சில் இல்லை. எண்வரிசையில் மூன்று உண்டு, இவ்வலகில் இல்லை. எட்டும் சேர்ந்தபின் இவ்வலகு முடிந்துவிடும். அதன்பின் கொம்பின் வளையத்தைப் பார்ப்பர். பசுவாயின் 'ஈத்து' எண்ணுவர். ஈற்று என்பதன் திரிபாகிய இது கன்று ஈன்ற முறையை எண்ணுகிறது: 'தலையீத்து', 'ரெண்டாம் ஈத்து', 'மூணு ஈத்து மாடு'. ஒரே மாட்டின் அகவையைப் பல் இரட்டைப்படையில் எண்ண, ஈற்று ஒன்றிலிருந்து முறையே எண்ணுகிறது. இவ்வெண்ணில் பொய் சொன்னால் விலை மாறும், நட்டம் வரும். இங்கே அணிநலத்துக்கு இடமில்லை.

சப்பானிய 'த்ஸு' வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்பதில் 'கொகொநொத்ஸு' என்பதோடு ஈறு நின்றுவிடும். பத்துக்கு அது வராது. ஆனால் அது சொல்லுருவத்தின் எல்லை. எண்ணப்படுவது துன்பமாயினும் கல்லாயினும் அதே ஒன்பதுதான். பல்லுக்குரிய எல்லை மாட்டின் வாயிலிருந்து வந்தது.

'நனைப்பு' என்னும் சொல்லில் இச்செய்தி இன்னும் கூர்மை பெறுகிறது. பவானிசாகர் அணை 1955இல் நிறைவுற்றது. அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானிக் கால்வாய் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்கு நீர் தருகிறது. எல்லா நிலத்துக்கும் ஒருசேர நீர் தர இயலாமையால் ஆயக்கட்டு 1,03,500 ஏக்கராக இருகூறாக்கப்பட்டு, ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்னும் எண்முறையால் பங்கிடப்படுகிறது. ஆகத்து நடுவில் தொடங்கும் முதற்போகம் நன்செய்க்கு உரியது. அப்போது நீர் தொடர்ந்து ஓடும். தையில் தொடங்கும் இரண்டாம் போகம் நிலக்கடலை, எள் முதலிய புன்செய்ப் பயிர்களுக்கு உரியது. அப்போது நீர் விட்டும் நிறுத்தியும் தரப்படும். ஒருமுறை விடும் நீரே ஒரு நனைப்பு. உழவர் கேட்பது 'எத்தனை நனைப்பு?' என்பதே. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் இதே இடத்தில் 'சுற்று' என்னும் சொல் நிற்கிறது.

அரசாணை காலத்தை நாளிலும் நீரை மில்லியன் கன அடியிலும் குறிக்கும். நாள் என்பது மதகு திறந்திருக்கும் காலம். நனைப்பு என்பது வயல் நனைந்து முடிந்த நிகழ்வு. தலைமடைக்கு இவ்விரு கணக்கும் ஒன்றாகவே தோன்றும். கடைமடைக்கு அப்படியன்று, நாள் கணக்கு தீர்ந்தும் நீர் வயலை எட்டாவிடின் அங்கு நனைப்பு நிகழவில்லை. 'நான்காம் நனைப்பு' என்னும் தொடரை 'நான்காம் தவணை நீர்' என்று மாற்றி எழுதுவோர் வட்டார வழக்கைப் பொதுமொழியாக்குவதாகவே எண்ணுவர். தவணை கொடுப்பவர் பக்கத்துச் சொல், நனைப்பு பெறுபவர் பக்கத்துச் சொல் என்பது அம்மாற்றத்தில் மறைந்துபோகிறது. நிலக்கடலைக்குக் காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு நனைப்பு தவறினால் முன்னர்ப் பெற்றவற்றால் அதனை ஈடுசெய்ய முடியாது. நனைப்புகள் எண்ணால் ஒத்தவை எனினும் பயனால் ஒத்தவையல்ல. கொள்ளளவில் கூறும் கணக்கில் இவ்வேறுபாட்டைக் குறிக்க வழியில்லை.

5. பதிவுமுறை குறித்து

தமிழில் அலகுச்சொல் கட்டாயமன்று என்பதே இவ்வாய்வைச் சுவையுள்ளதாக்குகிறது. சப்பானியர் 'ஹொன்' சொல்வது இலக்கணம் வற்புறுத்துவதால். கொங்கு உழவர் 'மூன்று முறை தண்ணீர்' என்று பிழையின்றிச் சொல்லும் வாய்ப்பிருந்தும் 'மூணு நனைப்பு' என்பது, அச்சொல் தரும் எல்லை அவருக்கு வேண்டியிருப்பதால்.

பெருமாள்முருகன் தொகுத்துக் 2000ஆம் ஆண்டில் வெளியான கொங்கு வட்டாரச் சொல்லகராதிக்குப் பின் வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. இனி வரும் தொகுப்புகள் அலகுச்சொல்லுக்குப் பொருள் தருவதோடு மூன்று குறிப்புகளைச் சேர்த்தல் நன்று: ஒன்றைக் கடந்த எண் ஏற்குமா, 'எத்தனை' என்னும் வினாவை ஏற்குமா, இடையில் விடுபடும் எண் உண்டா. 'பல்' என்பதற்கு இம்மூன்றாம் குறிப்பின்றி அதன் வழக்கை வெளியூரார் ஒருவர் அறிந்துகொள்ள வழியில்லை.

இப்பதிவைத் தாமதிக்கலாகாது. டிராக்டர் உழவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் காலத்தில் 'உழவு' ஒரு வேலையின் அலகாக இருந்த நிலை தளர்ந்து, 'ஒரு மணி நேர ஓட்டு' அவ்விடத்தைப் பிடித்துவருகிறது. மழையை எண்ணுவதில் மட்டும் பழைய சொல் நீடிக்கிறது. மஞ்சள் காட்டில் சொட்டுநீர்க் குழாய் பதித்தவர்கள் 'இன்றைக்கு ரெண்டு மணி நேரம் விட்டேன்' என்கிறார்கள். கால்வாய் நீரையே நம்பும் புன்செய்க்காரர் வாயில் 'நனைப்பு' இன்னும் எண்ணோடுதான் வருகிறது.