48 இலக்கச் சாவி யாரிடம் இருக்கிறது?

சுவாமிமலையில் ஒரு சிற்பப் பட்டறையின் லேப்டாப்பைத் திறந்தால் அந்தக் குடும்பத்தின் தொழில் மொத்தமும் அதில் கிடக்கும். வெளிநாட்டுக் கோயிலார் அனுப்பிய அளவுகள், மெழுகு உருவம் முடிந்ததும் ஒப்புதலுக்காக எடுத்த படங்கள், ‘இது தொன்மைப் பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கத் தயாரித்த கோப்புகள், முன்பணக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரசீதுகள் எல்லாம் அங்கேதான். 2023இல் தில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராசரை உருவாக்கிய ஊர் இது. ஒடியோலை என்னும் ஓலைத் துண்டை மடித்து அளவெடுக்கும் வித்தை இன்னும் ஸ்தபதியின் கையில் இருக்கிறது. வாடிக்கையாளரோடு நடந்த பேச்சும் கணக்கும் மட்டும் கணினிக்குள் போய்விட்டன. அப்படிப்பட்ட லேப்டாப் ஒருநாள் காலையில் நீலத் திரையைக் காட்டி, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டால் என்ன செய்வது? பெரும்பாலான வீடுகளில் அப்படியொரு சாவி இருப்பதே யாருக்கும் தெரியாது.

பிட்லாக்கர் என்னும் இந்தப் பூட்டு இரக்கமற்றது என்று பலர் திட்டுகிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. பூட்டின் வேலையையும், பூட்டியவர் நடந்துகொண்ட விதத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முதலில் பூட்டு. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தபோது அது அலுவலகக் கணினிகளுக்கான வசதி. டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் குறியாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை டி.பி.எம். என்ற சிறு பாதுகாப்பு சில்லின் பொறுப்பில் விட்டுவிடும். கணினியை இயக்கும்போது பயாஸும் தொடக்க நிரலும் நேற்று இருந்ததுபோலவே இருக்கின்றனவா என்று பார்க்கப்படுகிறது. எல்லாம் ஒத்துப்போனால் சில்லு சாவியை விடும், உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. ஒத்துப்போகாவிட்டால் விடாது. பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், தொடக்க நிரலைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி அணைக்கப்பட்டிருக்கலாம், மதர்போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். அப்போதுதான் ரெக்கவரி கீ என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்த 48 இலக்கங்கள் தேவைப்படுகின்றன. ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 11ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் தட்டச்சுப் பிழை அந்தக் கட்டத்திலேயே பிடிபடும். மொத்தத்தில் அது 128 பிட் எண். அத்தனை வாய்ப்புகளையும் எழுதினால் 39 இலக்க எண் வரும். ஊகித்துத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பூட்டாக மட்டும் பார்த்தால் இதில் நான் குறை காணவில்லை.

ஆனால் ‘பிட்லாக்கர் எடுத்துத் தரப்படும்’ என்று சொல்லும் கடைகள் இருக்கின்றனவே? அவற்றை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சில லேப்டாப்புகளில் டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் யாரும் நுழையாததால் பூட்டு இன்னும் விழாமல், சாவி அதே டிஸ்க்கில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அதை வேறு கணினியில் இணைத்தாலே படிக்கலாம். இன்னும் சில இடங்களில் செக்யூர் பூட்டை யாரோ அணைத்திருப்பார்கள். பழைய நிலைக்கு மாற்றியதும் சில்லு சமாதானமாகிச் சாவியை விட்டுவிடும். இந்த இரண்டும் நேர்மையான, பயனுள்ள வேலைகள், கூலி வாங்குவதிலும் தவறில்லை. இவற்றுக்கு அப்பால் ‘கிராக் மென்பொருள் இருக்கிறது, முன்பணம் கொடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

படித்தவர்கள் இங்கே ஒரு மறுப்பைச் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் ஒருவர் மலிவான ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையைக் கொண்டு, ஒரு பழைய லெனோவா லேப்டாப்பின் பிட்லாக்கர் சாவியை 43 நொடியில் எடுத்துக் காட்டினாரே என்று கேட்பார்கள். உண்மைதான். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் நடந்த மாநாட்டில், கணினியைத் திருகிக் கழற்றாமலே சாவியை எடுக்கும் வழியும் விளக்கப்பட்டது. ஆனால் இரண்டு உத்திகளும் ஒரே நிபந்தனையில் நிற்கின்றன: சில்லு தானாகச் சாவியை விட வேண்டும், விடும் நேரத்தில் அதைப் பிடிக்க வேண்டும். நீலத் திரை வருவதே சில்லு சாவியை விட மறுத்ததால்தான். போர்டு மாறியிருந்தால் புதிய சில்லிடம் விடுவதற்குச் சாவியே கிடையாது. ஆக இந்தச் செயல்விளக்கங்கள் திருடியவருக்கு உதவக்கூடும், சாவியைத் தொலைத்த உரிமையாளருக்கு உதவா. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள்’ என்று எழுதுவது பட்டறைக்காரரை ஏமாற்றுக்காரரிடம் அனுப்பிவைக்கும் காரியம்.

இனி, பூட்டியவர். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, இந்தக் குறியாக்கத்தை வீட்டுப் பயன்பாட்டு லேப்டாப்புகளுக்கும் பரவலாக்கியது. புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அது தானாக இயங்கத் தொடங்கும், மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். ‘சாவி உங்கள் கணக்கிலேயே இருக்கிறது’ என்பது நிறுவனத்தின் வாதம். காகிதத்தில் அது சரி. கும்பகோணத்தில் லேப்டாப் வாங்கும் ஒருவருக்கு அந்தக் கணக்கை உருவாக்கித் தருவது பெரும்பாலும் யார்? கடைப் பையன், அல்லது விடுமுறைக்கு வந்த அக்கா மகன். அவசரத்துக்குக் கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் பிறகு மாறிப்போகும் ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுப்பார்கள். கடவுச்சொல்லை யாரும் எழுதிவைப்பதில்லை, நான்கு இலக்க ‘பின்’ எண்ணே போதுமாக இருக்கிறது. அப்படியானால் சாவி இருப்பது உரிமையாளரின் கணக்கில் அல்ல. நிறுவும் நேரத்தில் திரை ஒருமுறைகூட ‘இதோ சாவி, எழுதிக்கொள்ளுங்கள்’ என்று நிற்காதது என் பார்வையில் மன்னிக்க முடியாத வடிவமைப்புப் பிழை. ஆப்பிளின் குறியாக்க வசதியான ஃபைல்வால்ட், சாவியைக் கணக்கில் வைக்கவா திரையில் காட்டவா என்று நெடுங்காலம் உரிமையாளரைக் கேட்டது. கேட்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

‘நீங்கள் எதையோ மாற்றியிருப்பீர்கள்’ என்ற பதிலும் எப்போதும் செல்லாது. 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று சில கணினிகளை மீட்புத் திரைக்குத் தள்ளியது. ஆகஸ்டில்தான் திருத்தம் வந்தது. 2025 மே மாதம் விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றில் மீண்டும் அதுவே நடந்தது, அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. இந்தப் பயனர்கள் திருகாணியைக்கூடத் தொடாதவர்கள். பெரிய நிறுவனங்களுக்கும் இதில் விலக்கில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள் அல்லவா? குறியாக்கம் செய்த பல கணினிகளைச் சரிசெய்ய அவற்றின் மீட்புச் சாவி தேவைப்பட்டது. சாவிகளைச் சேர்த்து வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் முடங்கிக் கிடந்தது.

சாவி நிறுவனத்திடம் இருப்பதை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். குவாம் தீவில் நடந்த ஒரு மோசடி விசாரணைக்காக மைக்ரோசாஃப்ட் இத்தகைய சாவிகளை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்தது என்பது 2026 ஜனவரியில் வெளியானது. நிறுவனம் எடுக்க முடிகிற சாவியை அரசும் கேட்டு வாங்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் சாவியைத் தம்மிடம் மட்டும் வைத்துக்கொள்வதே முறை. ஆனால் பட்டறைக்காரர் பயப்பட வேண்டியது எஃப்.பி.ஐ.யை அல்ல, பேருந்து நிலையத்தில் பையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவனை. அவருக்குக் கணக்கில் ஒரு பிரதி இருப்பது நல்லதே, அந்தக் கணக்கு அவருடையதாக இருந்தால்.

‘பிட்லாக்கரைப் பேசாமல் ஆஃப் செய்துவிடுங்கள்’ என்பது மெக்கானிக்குகளின் வழக்கமான அறிவுரை. இதன் வேர் புரிகிறது. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் கிராமம் கிராமமாகப் பரவிய காலத்தில், கணினி செத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிக் கோப்புகளை எடுத்துவிடலாம். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் அப்படித்தான் பலருடைய கல்யாணப் படங்களைக் காப்பாற்றினார்கள். அதே வசதி திருடனுக்கும் இருந்தது. ஆதார் நகல், வங்கி விவரம், வீட்டுப் பெண்களின் படங்கள் எல்லாம் ஒரு திருகாணி தூரத்தில் இருந்தன. பட்டறையை விட்டு நகராத டெஸ்க்டாப்பில் குறியாக்கத்தை நிறுத்துவதை நான் எதிர்க்கமாட்டேன். பையில் போகும் லேப்டாப்பில் நிறுத்துவது தவறான அறிவுரை.

ஆகவே என் தீர்ப்பு இது. குறியாக்கம் குற்றவாளி அல்ல. சாவியை உரிமையாளர் கையில் சேர்க்காமல் மௌனமாகப் பூட்டிய நிறுவனமே முதல் பொறுப்பாளி, வேறொருவர் பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுத்த விற்பனையாளர் அடுத்தவர். உரிமையாளரின் பங்கு சிறியது, ஆனால் அவர் உடனே செய்யக்கூடியது. தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 48 இலக்கத்தையும் அதன் அடையாள எண்ணையும் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைக்க வேண்டும். டிஸ்க்கே பழுதானால் சாவியும் உதவாது என்பதால், தனி ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளின் நகலும் வேண்டும்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபடி கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கும் வேலையைத் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது. மாணவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் நொடியில் அந்த லேப்டாப்புகளிலும் இந்தப் பூட்டு விழக்கூடும். கல்லூரியிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் பெயரில் கணக்கைத் திறந்து சாவியை எழுதிக்கொள்ளச் செய்யலாம், செலவு ஒரு தாள். மதர்போர்டு மாற்றும் கடைகளுக்கும் ஒரு கடமை உண்டு: திருகைத் தொடுவதற்கு முன் ‘ரெக்கவரி கீ இருக்கிறதா?’ என்று கேட்பது. அதைக் கேட்காமல் போர்டைக் கழற்றுகிறவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.